நனைந்தால் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில்தான் அந்தப் பேச்சு வந்தது. "நான் நீச்சல் கத்துக்கலாம்னு இருக்கேன் அத்தை" என்றாள் சின்னவள். மாமியார் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "கத்துக்கோ கண்ணு" என்றுவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பெரியவளுக்கு அன்றிலிருந்து எதுவும் சரியாக இல்லை.

அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். வந்த புதிதில், வேலைக்குப் போகட்டுமா என்று இதே மேசையில் உட்கார்ந்து கேட்டவள். "பார்க்கலாம்" என்றார் மாமியார். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருந்தாள். சின்னவள் வந்தே இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. அதற்குள் கண்ணு. பெரியவள் இத்தனை காலமும் வெறும் 'பெரியவளே'தான். "பெரியவளே, துணி காயுதா பாரு", "பெரியவளே, கதவைச் சாத்து."

அதிலும் நீச்சல். அதுதான் இன்னும் குத்தியது.

பெரியவளுக்கு வேலை, விளையாட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில். இரண்டாவது மாடி, பெண்கள் நீச்சலுடைப் பகுதி. ஒரு பெண் எஸ்கலேட்டரில் ஏறி வரும்போதே தோள் எப்படி, இடுப்பு எப்படி, எதை மறைக்க நினைக்கிறாள், எதைக் காட்ட வெட்கப்படுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் எடுத்துக் கொடுத்த உடைகள் ஊரில் இருக்கிற குளங்களில் எல்லாம் மிதந்துகொண்டிருக்கின்றன. அவள் மட்டும் ஒருநாளும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியது கிடையாது. தண்ணீர் என்றால் பயம். கத்துக்கொடுக்கட்டுமா என்று அவளை யாரும் கேட்டதும் கிடையாது.

வியாழக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம். புதிதாக வந்த உடைகளை அளவுவாரியாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவள், பழகின இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

எஸ்கலேட்டரிலிருந்து மாமியார் இறங்கிக்கொண்டிருந்தார். சின்னவளின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"இதுதான் உன் கடையா? பெரிசாத்தான் இருக்கு" என்றார், கூரையை அண்ணாந்து பார்த்து.

இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை. ஒருநாள் வாருங்கள் என்று பெரியவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் முதல் கிளாஸ் அக்கா. எனக்கும் அத்தைக்கும் நீங்கதான் நல்லதா ஒண்ணு எடுத்துத் தரணும்" என்றாள் சின்னவள்.

"அத்தைக்குமா?"

"முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சாம்" என்றார் மாமியார். "தண்ணியில நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு கேட்டேன். அவர் கேக்கலை, இவளும் கேக்கலை."

"எப்ப போனீங்க டாக்டர்கிட்ட?"

"அது ஆச்சு, போன மாசம். இவதான் கூட்டிட்டுப் போனா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை."

"நீ வேலைக்குப் போயிடற. வரும்போது அலுத்துப் போய் வர்ற. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

மாமியார் சாதாரணமாகத்தான் சொன்னார். பெரியவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நெருக்கமானவர்களைத்தானே மனிதர்கள் தொந்தரவு செய்வார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் கொஞ்ச நாளாக ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்குவதைக்கூடத் தான் கவனிக்கவில்லை என்பதும் உறைத்தது. அதைச் சின்னவள் கவனித்திருக்கிறாள்.

"வாங்க அத்தை, முதல்ல உங்களுக்குப் பார்க்கலாம்" என்றாள்.

அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலே கனமான உடம்பு, முன்தள்ளிய வயிறு, மெலிந்த கால்கள், பின்னால் வளையாத தோள். கருநீலத்தில் ஒன்றை உருவினாள். அகலப் பட்டை. மார்பைத் தாங்க உள்ளேயே கிண்ணம் வைத்துத் தைத்தது. வயிற்றுப் பக்கம் துணியைச் சுருக்கிச் சாய்வாக இழுத்திருந்தார்கள். கால்கள் முட்டிக்குச் சற்று மேல் வரை. ஜிப் முன்பக்கம்.

உடை மாற்றும் அறைக்குள் இருவரும் போனார்கள். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிய பிறகு மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு, "இதென்ன, தலையணைக்கு உறை மாட்டற மாதிரி இருக்கு" என்றார்.

"காய்ஞ்சிருக்கும்போது இறுக்கமாத்தான் இருக்கணும் அத்தை. தண்ணி பட்டா துணி தளர்ந்துடும். இப்பவே வசதியா இருந்தா அப்புறம் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"அப்படியா?"

"கையைத் தூக்குங்க. குனிங்க. இப்ப உட்காருங்க. எங்கயாவது வெட்டுதா?"

"இல்லை."

கால் மடிப்பைச் சரிசெய்யப் பெரியவள் மண்டியிட்டாள். முட்டிகள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. விரலால் மெல்லத் தொட்டாள்.

"ரொம்ப வலிக்குதா அத்தை?"

"படி இறங்கும்போதுதான். நீ ஏன் தரையில உக்காந்துட்ட?"

மாமியார் கண்ணாடியைப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். "என் வயிறு எங்க போச்சு?" என்றார்.

பெரியவள் சிரித்துவிட்டாள். மாமியாரும் சிரித்தார். அந்தச் சின்ன அறைக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு அவர்களுக்குள் நடந்ததாக அவளுக்கு நினைவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயெடுத்தாள்.

மாமியார் கதவைத் திறந்தார். "கண்ணு, இங்க வா. நீ பார்த்துச் சொல்லு. நீ சரின்னு சொன்னா எடுத்துக்கறேன்."

பெரியவள் இன்னும் தரையில்தான் மண்டியிட்டிருந்தாள்.

சின்னவள் ஓடி வந்து பார்த்து, "சூப்பரா இருக்கு அத்தை" என்றாள். "அப்ப சரி" என்றார் மாமியார். முடிந்தது.

பெரியவள் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று புகைந்து கருகிக்கொண்டிருந்தது. எடுத்தது யார், மாட்டிவிட்டது யார், மண்டியிட்டது யார். சரி சொல்வது யார்.

அதற்குள் சின்னவள் தனக்கு ஒன்றைப் பிடித்துவிட்டிருந்தாள். வெளிர் பீச் நிறம். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மெல்லிய நாடாக்கள்.

"அக்கா, இது எப்படி?"

சின்னவளுக்கு எது வேண்டுமென்று பெரியவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். பிடிக்காவிட்டாலும் கண் தானாக அளவெடுத்துவிடும் தொழில் அது. ஒடுங்கின தோள், அகலமான இடுப்பு. அதற்கு மேலே பூப்போட்டதாக, அகலப் பட்டை முதுகில் குறுக்கே போவதாக, கீழே சாதாக் கறுப்பாக இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண் மேலே நிற்கும், இடுப்பு அடங்கித் தெரியும், காலை உதைத்தாலும் எதுவும் நழுவாது. அப்படியொன்று சின்னவளின் முழங்கைக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பீச் நிறமோ கடற்கரையில் சாய்ந்து படுத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கானது. உள்பக்கம் இன்னொரு அடுக்குத் துணி கிடையாது. நனைந்தால் கண்ணாடிக் காகிதம். இதை எடுக்காதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்" என்றாள் சின்னவள்.

"போட்டுப் பாரு."

போட்டுக்கொண்டு வந்தபோது, அந்த நிறம் சின்னவளின் முகத்தில் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. "சிலை மாதிரி இருக்கா பாரு" என்றார் மாமியார், நீச்சல் தொப்பி ஒன்றைத் தலையில் இழுத்து மாட்டப் பார்த்துக்கொண்டே.

"எடுப்பா இருக்கு" என்றாள் பெரியவள். அதில் பொய் எதுவும் இல்லை.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குக்கா."

பெரியவள் அந்த நாடாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோ. வசதியா இருக்கும்" என்றாள்.

துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக் காட்டவில்லை. கையைத் தூக்கு என்று சொல்லவில்லை. குனி என்று சொல்லவில்லை. பெரிய சைஸைத் தானே தேடி எடுத்து, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தாள்.

போகும்போது சின்னவள் போனை நீட்டினாள். "எங்களை ஒரு போட்டோ எடுங்க அக்கா." மாமியார் தொப்பியைக் கழற்றாமலே, பலூன் மாட்டின தலையோடு, சின்னவளின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். பெரியவள் எடுத்தாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வந்தாள். நேராக அதே பீச் நிறத்தை எடுத்தாள்.

"அது வேண்டாம் மேடம். நனைஞ்சா உள்ள தெரியும். நாடாவும் நிக்காது. நீங்க நீந்தறதுக்கா, படம் எடுக்கறதுக்கா?"

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் நன்றி சொல்லி வேறொன்றை எடுத்துப் போனாள்.

பக்கத்துக் கவுண்ட்டரில் நீச்சல் கண்ணாடி விற்கிறவளை எல்லோரும் 'குருவி' என்றுதான் கூப்பிடுவார்கள். சதா கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டிருப்பவள், இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, உங்க ஓரகத்திக்கு அதைத்தானே குடுத்து அனுப்பினீங்க?"

"அவளேதான் எடுத்தா."

"நீங்க சொல்லலையா?"

பெரியவள் தொங்கிய உடைகளை நேராக்கத் தொடங்கினாள். குருவி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்தப் பார்வை முதுகிலேயே ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு இடைவேளை வரை தாங்கினாள். பிறகு பூப்போட்ட, கறுப்பு அடிப்பாகம் வைத்த அந்த உடையைச் சரியான அளவில் எடுத்தாள். பில் போட்டுக்கொண்டு போய்ச் சாயங்காலம் மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்தப் பீச்சில் தையல் பிரிந்திருக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நல்லது என்று போனை எடுத்தாள்.

வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அவள் எடுத்த படம் வந்திருந்தது. கீழே சின்னவள் எழுதியிருந்தாள்: "நானும் என் நீச்சல் தோழியும்." அதற்கு வரிசையாக இதயங்கள். சின்னவளின் புருஷன் மூன்று போட்டிருந்தான். பெரியவளின் புருஷன், காலையிலிருந்து அவளுக்கு ஒரு வரி எழுதாதவன், "அம்மா கலக்கறாங்க, பின்னால இருக்கற கடை சூப்பர்" என்று எழுதியிருந்தான்.

அது யாருடைய கடை, படம் எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெரியவள் போனை அணைத்தாள். கையிலிருந்த உடையைப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே மாட்டினாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நேராகக் குளத்துக்குப் போனாள். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லை. "நீயும் வந்துடு, பையை வச்சுக்க ஆள் வேணும்" என்று மாமியார் கடையிலிருந்து கிளம்பும்போது சொல்லியிருந்தார்.

கூரை போட்ட குளம். உள்ளே நுழையும்போதே குளோரின் மூக்கில் ஏறியது. புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கான நேரம் அது. ஆனால் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் நாற்காலிகளில் புருஷன்மார், அப்பாக்கள், குழந்தைகள். சின்னவளின் புருஷனும் வந்திருந்தான். போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தான்.

மாமியார் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் முகம் மாறியது. கம்பியை விட்டார். நாலு எட்டு நடந்தார். அந்தக் கருநீலம் அவர் உடம்போடு உடம்பாக இருந்தது, எங்கும் உப்பவில்லை, எங்கும் இழுக்கவில்லை. "பெரியவளே, வலியே தெரியலை" என்று கரையைப் பார்த்துச் சொன்னார். பெரியவள் தலையாட்டினாள்.

பிறகு சின்னவள் வந்தாள். கரையில் நடந்து வரும்போது இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீரில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயிற்சி கொடுக்கும் டீச்சர் சொன்னபடி காலை உதைக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டது. இடுப்புப் பக்கம் பைபோல் தொங்கியது. பீச் நிறம் கரைந்து, தோல் எது துணி எது என்று தெரியாமல் போயிற்று. கழுத்துக்குப் பின்னால் முடிச்சு வழுக்கியது. சின்னவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கையாலும்.

டீச்சர் விசிலை ஊதினார். "எல்லாரும் மேல ஏறி விளிம்புல வரிசையா உக்காருங்க."

எல்லோரும் ஏறினார்கள். சின்னவள் ஏறவில்லை. கழுத்து வரை தண்ணீருக்குள் குறுகிக்கொண்டு, கைகளை மார்பில் கட்டிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீங்க, மேல வாங்க" என்றார் டீச்சர்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் கையாட்டினான். ஏறு, ஏறு என்று சைகை காட்டிக்கொண்டு படம் எடுத்தான்.

பெரியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தோஷம் வந்தது நிஜம். மிட்டாய் கரைகிற மாதிரி நாக்கில் அது இனித்தது. இதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தாள்.

அப்போது சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்க்கவில்லை. பெரியவளைத்தான் பார்த்தாள். "அக்கா" என்றாள். சத்தம் வரவில்லை, வாய் அசைந்தது.

இனிப்பு அங்கேயே கசந்துபோயிற்று.

பெரியவள் பையிலிருந்த பெரிய துவாலையை எடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிப்பக்கம் போனாள். "யூனிஃபார்மோட இறங்கக் கூடாது" என்று டீச்சர் விசிலடித்தார். அவள் நிற்கவில்லை. முதல் படி. முழங்கால். இடுப்பு. தண்ணீர் தூக்கிப்போடப் பார்த்தது, மூச்சு அடைத்தது, கம்பியைப் பிடித்த கை வெளுத்துவிட்டது. கம்பியை விட்டுவிட்டு நடந்தாள். கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, துவாலையை விரித்துச் சின்னவளை அதற்குள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு முகங்களும் கிட்டத்தில் இருந்தன. சின்னவளுக்குப் பற்கள் கிட்டித்தன.

"அக்கா, இது நனைஞ்சா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். புது ரகம், கம்பெனி சொல்லவில்லை, நாளைக்கே திருப்பிக் கொடுக்கிறேன். சின்னவள் நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் அவளையே பார்த்தாள்.

"பெரிய சைஸ்?"

"அதுவும் தெரிஞ்சுதான்."

"ஏன்க்கா?"

"அத்தை என் கடைக்கு வந்து, நான் மாட்டிவிட்டதைப் போட்டுக்கிட்டு, நல்லா இருக்கான்னு உன்னைக் கேட்டாங்க."

வாய்விட்டுச் சொன்னதும் அது எத்தனை சின்னதாக இருந்தது என்று பெரியவளுக்கே கூசியது. காலையிலிருந்து வீடளவுக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த விஷயம்.

"இதுக்காகவா?" என்றாள் சின்னவள். அழவில்லை. துவாலையை இழுத்து இறுக்கிக்கொண்டு, பெரியவளின் கையை விலக்கிவிட்டுத் தானே படியேறினாள்.

உடை மாற்றும் அறைக்குள் சின்னவளின் பின்னாலேயே பெரியவளும் போனாள். பெரியவளின் யூனிஃபார்மிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. சின்னவள் உலர்ந்த துணிக்கு மாறிக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையைத் துவட்டினாள்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன ஆச்சு? ரெண்டு பேரும் பாதியில வந்துட்டீங்க?"

பெரியவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அத்தை, நான்தான்..."

"முடிச்சு அவிழ்ந்துடுச்சு அத்தை" என்றாள் சின்னவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்காதான் ஓடி வந்தாங்க."

மாமியார் பெரியவளை மேலும் கீழும் பார்த்தார். சொட்டச் சொட்ட நின்றவளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "தண்ணின்னாலே பயப்படுவியே. எப்படி இறங்கின?" என்றார். அந்தக் கை பட்ட இடம் பெரியவளுக்குச் சுட்டது. அந்தத் தொடுகை நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ நாட்கள் இருந்தன. இன்றைக்குப் போய்க் கிடைக்கிறது.

"நீயும் சேர்ந்துக்கோயேன்" என்றார் மாமியார். "உன் தோளும் உயரமும் நீச்சலுக்குன்னே செஞ்சதுன்னு அந்த டீச்சர் சொல்றா. இத்தனை நாள் எனக்குத் தோணவே இல்லை பாரு."

"சேரட்டும் அத்தை." சின்னவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அக்காவுக்கு டிரெஸ் நான் பார்த்து எடுத்துத் தர்றேன். சனிக்கிழமை கடைக்கு வர்றேன்."

"அதுவும் நல்லதுதான். எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கறவளுக்கு ஒருத்தர் எடுத்துக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமியார் ஷவர் பக்கம் போனார்.

கண்ணாடிக்குள் இருவர் கண்களும் சந்தித்தன. சின்னவள் சிரித்தாள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன அதே சிரிப்புத்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று, எத்தனையோ பெண்களைப் பார்வையிலேயே அளந்த பெரியவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிதானே அக்கா?"

"சரி" என்றாள் பெரியவள்.

சின்னவள் அந்த ஈர உடையைப் பிழிந்தாள். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அதில் போடவில்லை. நான்காக மடித்து, தன் பைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.